கிழட்டு எலிகளின் மஞ்சள் சாட்சி

துப்பறியும் தொழிலுக்கு வந்தால் வைர நெக்லஸைத் தேடலாம், தாலி கட்டுகிற நேரத்தில் ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடலாம், மிஞ்சிப்போனால் ஒரு பிணத்தைத் தேடலாம் என்றுதான் தீனதயாளன் கனவு கண்டிருந்தான். எலிப் புழுக்கையைத் தேடவேண்டி வரும் என்று அந்தப் பாவிக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பான்.

ஆனால் புழுக்கை மதியத்துச் சமாச்சாரம். காலையில் எல்லாம் கௌரவமாகத்தான் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவர்கள் ஆபீஸ் வாசலுக்கே ஏ.சி. கார் வந்தது. பின் சீட்டில் அவன் முதலாளி வள்ளிநாயகி ஏறிக்கொண்டாள். வயது நாற்பத்து மூன்று. பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, செத்துப்போனதாகக் கையெழுத்தான ஆட்களை டீக்கடைகளில் கண்டுபிடித்துக் கொடுத்தவள். அவள் பக்கத்தில் கேஸ் கொடுத்த கட்சிக்காரர் ராஜமாணிக்கம், 'பொன்மேனி' மஞ்சள் மாத்திரைக் கம்பெனியின் முதலாளி, அறுபத்தேழு வயது. தீனா முன் சீட்டில் உட்கார்ந்து, தொழில் தர்மப்படி, யாரும் பார்க்காதபோது டாஷ்போர்டைத் திறந்து பார்த்தான். உள்ளே பிரிக்காத மருந்துப் பொடி டப்பா ஒன்றும், அதைச் சுற்றி மூன்று மாதத்துக்கு முந்தைய மெடிக்கல் ஷாப் சீட்டும் இருந்தன. வயிற்றைக் கழுவும் பொடி. இவ்வளவு பெரிய மனுஷருக்கும் காலைக்கடன் கஷ்டம்தான் போலிருக்கிறது என்று நினைத்து மூடிவிட்டான்.

கேஸ் இதுதான். மஞ்சளில் உள்ள சத்து பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க, சித்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு ராஜமாணிக்கம் எலிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் விஜி. பாதி இளசு எலி, பாதி கிழட்டு எலி. எல்லாவற்றுக்கும் குடலில் புற்று வரும்படி மருந்து குத்தினார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு மஞ்சள் சத்து கலந்த தீனி, மறு பங்குக்கு வெறும் தீனி, பதினாறு வாரம். கடைசியில் குடலைத் திறந்து பார்த்தபோது, மஞ்சள் தின்ற இளசுகளுக்குப் புற்றின் ஆரம்பப் புள்ளிகள் பாதியாகக் குறைந்திருந்தன. மஞ்சள் தின்ற கிழடுகளுக்கோ ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. வெறும் தீனி தின்ற கிழடும் மஞ்சள் தின்ற கிழடும் ஒன்றாகவே இருந்தன.

இது எப்படி நடக்கும் என்று குதித்தார் ராஜமாணிக்கம். கிழட்டு எலிகளுக்கு மஞ்சள் தீனி போகவே இல்லை, எவனோ மாற்றிவிட்டான் என்பது அவர் முடிவு. எவன் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். எலிக்கூடத்தில் தீனி வைக்கும் தங்கவேல். நாலு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கமிட்டி கூடுகிறது. தங்கவேலை வீட்டுக்கு அனுப்பி போலீஸில் எழுதிக் கொடுப்பதும், விஜியின் ஆராய்ச்சியைக் குப்பையில் போடுவதும் அதில் தீர்மானம். அதற்குள் ஆதாரத்தைக் கையில் கொடுக்கவேண்டும் என்றுதான் வள்ளிநாயகியை அழைத்திருந்தார்.

ஆதாரத்தில் பாதி அவரிடமே இருந்தது. கண்காணிப்புக் கேமரா படம். நான்கு மாதத்தில் நாலு கிருத்திகை. நாலு நாளும் தங்கவேல் சுற்றுமுற்றும் பார்க்கிறார், சட்டைப் பையிலிருந்து ஏதோ வெள்ளைப் பொடியை எடுக்கிறார், கிழட்டு எலிகள் இருக்கும் அடுக்குக்கு மட்டும் போகிறார், கூண்டு கூண்டாகக் கை வைக்கிறார். இளசுகள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கார் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கவேல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப்பட்டில் தறி நெய்துகொண்டிருந்தவர், பத்து வருடமாக இங்கே. அந்தப் பொடி என்ன என்று எத்தனை பேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. வள்ளிநாயகி கேட்டபோது மட்டும் ஒன்று சொன்னார்.

"வேலை போனா போகட்டும்மா. தீனியத் திருடினவன்னு பேர் வாங்கிகினு பள்ளிப்பட்டு பஸ்ல ஏற மாட்டேன்."

தீனாவுக்கு அந்த நிமிஷமே இந்த மனுஷன் செய்திருக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது. ஆனால் அவனுக்கு எல்லா கேஸிலும் எல்லோரைப் பற்றியும் அப்படித்தான் தோன்றும், அதனால்தான் அவன் உதவியாளன்.

வள்ளிநாயகி காலிக் கூண்டுகளைப் பார்க்கப் போனாள். எலிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, உள்ளே மட்டும் கழுவிய கூண்டுகள் பின் அறையில் அடுக்கியிருந்தன. ராஜமாணிக்கமும் கூடவே வந்து, கிழட்டு எலிக்கு மனுஷக் கணக்கில் என்ன வயசு என்று விஜியிடம் கேட்டார். அறுபது, அறுபத்தைந்து சொல்லலாம் என்றாள் விஜி. அவர் தலையாட்டிவிட்டு, நழுவிய பேண்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். காது மந்தமோ என்று தீனா நினைத்துக்கொண்டான்.

வள்ளிநாயகி ஒரு கூண்டின் நம்பர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்தாள். நம்பருக்கு மேலே வெள்ளையாக மூன்று கோடு, விரல் அகலத்துக்கு. அடுத்த கூண்டிலும் மூன்று கோடு. கிழட்டு எலிகளின் நாற்பது கூண்டிலும் மூன்று மூன்று கோடு. இளசுகளின் கூண்டில் ஒன்றும் இல்லை. தீனா ஒரு தகட்டைச் சுரண்டி மோந்து பார்த்தான். திருத்தணியில் பிறந்த மூக்குக்கு அதில் ஆராய்ச்சி தேவையில்லை.

"மேடம், இது நம்ம மலை விபூதி. எலிங்களுக்குப் பட்டை போட்டிருக்காரு."

"விஷம் வைக்கிறவன் மூணு விரலால வைக்க மாட்டான்," என்றாள் வள்ளிநாயகி.

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் விஷயம் வந்தது. வெளியிலிருந்து ஒரு துரும்பும் எலிக்கூடத்துக்குள் வரக்கூடாது என்பது விஜியம்மாவின் கட்டளை. விபூதி என்று சொன்னால், சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அந்தம்மாவுக்குக் கெட்ட பேர் வரும். அதனால் வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஒரு பொடி விழாமல் தகட்டில் மட்டும்தான் பூசினாராம். ஏன் கிழடுகளுக்கு மட்டும் என்று கேட்டதற்கு, வயசானதுங்க, பாவம் என்று மட்டும் சொன்னார்.

ராஜமாணிக்கம் இதற்கெல்லாம் மசிகிற ஆளா. விபூதி வேறு, தீனி வேறு என்றார். கிழடுகள் மஞ்சளைத் தின்றன என்பதற்கு என்ன சாட்சி? எலியும் இல்லை, தீனியும் இல்லை. கேள்வி நியாயம்தான்.

வள்ளிநாயகி காலியான கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. அந்தக் குறும்பு வந்தால் தீனாவின் சட்டை அழுக்காகப் போகிறது என்று அர்த்தம்.

"உள்ள போனதுக்குச் சாட்சி இல்ல, சரி. வெளிய வந்ததுக்கு?"

மஞ்சள் சத்தை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் அப்படியே வெளியே வந்துவிடும் என்றாள் விஜி. கூண்டில் பரப்பிய உமியோடு சேர்ந்துதான் புழுக்கை வரும். மருந்து குத்தின முதல் இரண்டு வாரத்து உமியை விதிப்படி எரித்தாயிற்று. மற்ற பதினாறு வாரத்து உமியைத் தங்கவேல்தான் எருவுக்கு ஆகுமே என்று பை பையாகக் கட்டி, திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருக்கும் மச்சான் குமரேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"வயலுக்குப் போட்டிருந்தா?" என்றான் தீனா.

"அப்ப கரும்பைத்தான் விசாரிக்கணும். வண்டிய எடு."

விஜியிடம் கடன் வாங்கிய ஸ்கூட்டர் திருவாலங்காடு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். குமரேசன் வரப்பில் இருந்தான். வெற்றிலைப் பெட்டியும் கையுமாக, நல்ல மனுஷன். பை பற்றிக் கேட்டதும் அவன் முழி மாறியது. எல்லாம் வயலுக்குப் போட்டாச்சுங்க என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டினான். வள்ளிநாயகி அந்தப் பக்கம் நடந்தால், அங்கே இல்லீங்க, மேற்கே என்றான். தீனா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தங்கவேலின் கடைசிச் சாட்சி மண்ணோடு மண்ணாகப் போயிற்று, மூன்று மணி நேரத்தில் அந்த மனுஷனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றப்போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் வந்தது. குமரேசன் ஓடினான். பம்பு செட்டு கதவுப் பக்கம் போகாமல் ஜன்னல் பக்கம் போனான். சுவரில் சாய்த்து வைத்திருந்த நீள மூங்கில் கழியை எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்து ஸ்டார்ட்டர் பொத்தானைக் குத்தினான். மோட்டார் ஓடியது. பழகின கை.

"நல்லா கேரம் ஆடுவீங்களா?" என்று கேட்டான் தீனா.

வள்ளிநாயகி கேட்டது வேறு. சொந்தப் பம்பு செட்டுக்குள் சொந்தக்காரன் கதவு வழியாகப் போகாமல் கழியை விட்டு ஆட்டுகிறான் என்றால், உள்ளே கால் வைக்க இடமில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி என்ன அடைத்து வைத்திருக்கிறாய்?

குமரேசன் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றான். களை எடுத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி அம்முதான் நிமிர்ந்து பட்டென்று போட்டு உடைத்தாள்.

"அது கேன்சர் எலிங்கம்மா. அதோட கழிசலைக் கரும்புக்குப் போட்டா, ஜூஸ் குடிக்கிற ஜனங்க கதி இன்னா ஆவறது? ஒரு பிடிகூட வயல்ல போடக்கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

கேன்சர் என்ன, ஒட்டிக்கொள்கிற ஜுரமா, எருவிலிருந்து கரும்புக்குத் தாவிக் கரும்பிலிருந்து ஜூஸ் குடிப்பவனுக்குத் தாவ? ஆனால் அந்தத் தப்பான பயத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம் என்று தீனாவுக்குத் தோன்றியது. வேண்டாம் என்றால் வாங்காமல் இருந்திருக்கலாமே என்று வள்ளிநாயகி குமரேசனைக் கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"எங்க அக்காவைக் கட்டின பாவாங்க. வாரா வாரம் ஆசையா தோள்ல சுமந்துகினு வராரு. வேணாம்னு எப்படிங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது? வாங்கி வாங்கி உள்ள வெச்சிட்டேன். பாவா கேட்டா கரும்பு நல்லா வந்திருக்குன்னு சொல்லிகினு இருக்கேன்."

கதவை நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அறுபத்து நாலு சாக்குப் பை, தரையிலிருந்து ஓடு வரைக்கும். வந்த வாசனையைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. தீனா மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, இந்தப் புதையலைக் காக்கப் பாம்புதான் பாக்கி என்றான்.

பைகளின் வாயில் நூல் கட்டியிருந்தது. லேபிள் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும் என்று பாவா நூலிலேயே அடையாளம் வைத்திருப்பதாகக் குமரேசன் சொன்னான். தறியில் இருந்தவராயிற்றே. இளசுக்குப் பச்சை நூல், கிழடுக்குச் சிவப்பு. நூலின் வாலில் ஏழு முடிச்சு என்றால் ஏழாவது வாரம். முடிச்சோ நெசவுக்காரர் முடிச்சு, அறுத்தால்தான் உண்டு, அவிழ்க்க வராது. அதாவது, கட்டின நாளிலிருந்து ஒரு பையையும் ஒருவரும் திறக்கவில்லை.

தீனா ஒரு சிவப்பு நூலை அறுத்துக் கையை விட்டான். வெளியே வந்தது காய்ந்த கறுப்புப் புழுக்கை. வள்ளிநாயகி குமரேசனின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளி, கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, புழுக்கையை அதில் நசுக்கினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தண்ணீர் சிவக்கவில்லை. சேறாகத்தான் கிடந்தது.

"போச்சு மேடம்," என்றான் தீனா. "கிழடுங்க மஞ்சளே திங்கல. நாமதான் தங்கவேலுக்கு விலங்கு எடுத்துகினு போகப்போறோம்."

வள்ளிநாயகி அறுத்த நூலைக் கையில் எடுத்தாள். வெறும் சிவப்பு. அடுக்கிலிருந்த இன்னொரு பையைத் தொட்டாள். அதில் சிவப்போடு ஒரு மஞ்சள் இழை முறுக்கியிருந்தது.

"நீ அறுத்தது வெறும் தீனி தின்னது. கண்ணு எங்க வெச்சிருந்த?"

"மூக்குக்குக் காவலுக்கு மேடம்."

மஞ்சள் இழைப் பையை அறுத்தார்கள். நசுக்கினார்கள். கொட்டாங்கச்சித் தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்து, கல்யாண வீட்டு ஆலம் மாதிரி ரத்தச் சிவப்பாக நின்றது. தீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வள்ளிநாயகிக்கும் வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே குமரேசனும் சிரித்தான். அம்மு மட்டும், நல்ல சேதிக்குக் கரைக்க வேண்டியதை எலிப் பீயில் கரைக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு ஆய்வுக்கூட வாசலில் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. பின்னால் கிழடுகளின் மஞ்சள் இழை மூட்டை பதினாறு, மூட்டை மேல் தீனதயாளன். செக்யூரிட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு சல்யூட் அடித்தான்.

கமிட்டியில் மூன்று பேர். மேஜை மேல் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிய பதினாறு டம்ளரை வரிசையாக வைத்தாள் வள்ளிநாயகி. அறுக்காத பதினைந்து பைகளையும் அவர்கள் கையாலேயே அறுக்கச் சொன்னாள். முதல் வாரம், சிவப்பு. இரண்டாம் வாரம், சிவப்பு. பதினாறு வாரமும் பதினாறு டம்ளரும் செக்கச்செவேல் என்று நின்றன. ஒரு தட்டு மட்டும் இருந்தால் கமிட்டிக்கே ஆரத்தி எடுத்துவிடலாம் என்றான் தீனா. தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கவேலிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கவேல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் வள்ளிநாயகியின் காதருகே வந்து, மச்சான் ஒரு பையைக்கூட வயலில் போடவில்லையா என்று கவலையாகக் கேட்டார்.

ராஜமாணிக்கம் மட்டும் எழுந்து நின்றார்.

"அப்ப மஞ்சளோட சக்தி எங்க போச்சு? யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கலைங்க. கிழடுங்க முழுசா தின்னுச்சுங்க. உடம்புதான் அதைக் கேக்கல. குத்தவாளி வயசு. அதைப் பிடிச்சு உள்ள போட எனக்குத் தெரியாது," என்றாள் வள்ளிநாயகி.

அதே மஞ்சள், அதே அளவு, இளசில் காப்பாற்றியது, கிழட்டில் காப்பாற்றவில்லை, அதுதான் இந்த ஆராய்ச்சியின் முடிவு என்றாள் விஜி. ஏன் என்று இன்னும் தெரியாது, மனுஷருக்கும் இப்படியா என்றும் தெரியாது. ஆனால் வயசானவர் மாத்திரையை முழுங்கிவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம் என்று இனி இந்தக் கூடத்திலிருந்து யாரும் எழுதித் தர முடியாது.

கமிட்டி கலைந்தது. ராஜமாணிக்கம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வள்ளிநாயகி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதோ கட்சிக்காரர் கத்தப்போகிறார் என்று தீனா காத்திருந்தான். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க பெல்ட்டுல ஆணி வெச்சுக் குத்தின புது ஓட்டை ரெண்டு இருக்கு. கார்ல குடல் கழுவுற பொடி மூணு மாசமா பிரிக்காம இருக்குன்னு இவன் சொன்னான். கிழட்டு எலிக்கு மனுஷ வயசு என்னன்னு ரெண்டு வாட்டி கேட்டீங்க. டாக்டர் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்னு எப்ப சொன்னாரு?"

தீனாவுக்குக் காலையில் நினைத்த நினைப்பெல்லாம் நாக்கில் கசந்தது.

"பொங்கல் முடிஞ்சு," என்றார் ராஜமாணிக்கம். "ரத்தம் போச்சு. டெஸ்டுக்குப் போகலாம்னுதான் பொடி வாங்கினேன். அப்புறம் பயம் வந்துடுச்சும்மா. நம்ம மாத்திரை இருக்கேன்னு ஒரு நாளைக்கு ஆறு போட்டுகினு இருந்தேன். கிழட்டு எலி பிழைச்சா நானும் பிழைப்பேன்னு நெனச்சேன். பிழைக்கலன்னதும், எவனோ ஏமாத்திட்டான்னு இருக்கணும்னு தோணிச்சு."

மாத்திரை கேட்காவிட்டாலும் டாக்டர் கேட்பார், சீக்கிரம் பார்த்தால் நிறைய பேர் பிழைக்கிறார்கள் என்றாள் விஜி. அவர் கேட்டாரோ இல்லையோ தெரியவில்லை. மூட்டைகளை எடுக்க வந்த தங்கவேல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே வந்தார். தன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க நின்ற மனுஷனின் எதிரே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மூன்று விரலில் தொட்டு, ராஜமாணிக்கத்தின் நெற்றியில் மெதுவாக இழுத்தார்.

"நாளைக்குப் பொடியைக் கரைச்சுக் குடிச்சிட்டுப் போலாம் ஐயா. நானும் கூட வரேன்."

ராஜமாணிக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. துப்பறியும் உதவியாளன் அழுதால் தொழில் என்ன ஆவது? தீனா அவசரமாகத் தலையை நீட்டி, எனக்கும் ஒரு பட்டை போடுங்க என்றான்.

தங்கவேல் அவனை மேலும் கீழும் பார்த்தார். பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு இருபத்தாறுதானே? இப்போதைக்கு மஞ்சளே போதும்பா."